கொண்டுபோனதும் கொண்டுவந்ததும்

காலை ஏழு மணிக்குக் காட்டு வாசலில் நடக்கும் சோதனையைப் பார்த்தால், உள்ளே புலி இருக்கிறதோ புதையல் இருக்கிறதோ என்று தோன்றும். இரண்டும் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் நடைபாதை, ஒரு ஓடை, ஒன்றிரண்டு பெரிய பாறை, அதிர்ஷ்டம் இருந்தால் மான், இல்லாவிட்டால் மானின் புழுக்கை. அவ்வளவுதான். இதைப் பார்க்க வருகிறவர்கள் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக வரிசையில் நிற்க, வாசல் மேசையில் அவர்களுடைய பைகளைக் கவிழ்ப்பார்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் உறை, மாத்திரை அட்டை என்று பிளாஸ்டிக்காக எது இருந்தாலும் ஒவ்வொன்றாக எண்ணி, பெரிய ரிஜிஸ்டரில் நீல மையால் எழுதுவான் வாசல் குமாஸ்தா. மூன்று கட்டம். கொண்டுபோனது, கொண்டுவந்தது, வித்தியாசம்.

மூன்றாவது கட்டத்தில் சைபர் விழுந்தால் அந்தக் குழுவின் வழிகாட்டி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். வேறு எந்த எண் விழுந்தாலும் அது வழிகாட்டியின் தலையில் ஏறும். மூன்று முறை ஏறினால் ஒரு வருஷத்துக்கு உரிமம் ரத்து. வன அதிகாரி ஏதோ பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது கையோடு கொண்டுவந்த திட்டம் இது. ஒவ்வொரு பொருளிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். ஸ்டிக்கரே பிளாஸ்டிக் என்று யாரோ அவர் காதில் போட்ட பிறகு ஸ்டிக்கரை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

திட்டம் வந்த ஆறே வாரத்தில் இரண்டு முறை தலையில் ஏற்றிக்கொண்டு பட்டியலில் முதலிடத்தில் நின்றாள் ஒருத்தி. வழிகாட்டிகள் மொத்தம் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் அவளைத் துடைப்பம் என்று கூப்பிடுவார்கள். பாதையில் ஒரு மிட்டாய்த்தாள் கிடந்தால் போதும், அவள் முதுகு தானாக வளைந்துவிடும். "இதோ பாருங்க, இந்தச் சேத்துலதான் பன்னி உருண்டு புரண்டிருக்கு, மரத்துல முடி ஒட்டியிருக்கு பாருங்க" என்பாள். பயணிகள் எட்டுப் பேரும் முடியைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் குனிந்து எதையோ எடுத்து இடுப்புப் பையில் போட்டிருப்பாள். ஒன்பது வருஷமாக இதே வழக்கம். பாராட்ட வேண்டிய வழக்கம்தானே என்று நினைக்கிறவர்கள் ரிஜிஸ்டர் எழுதிப் பார்த்ததில்லை.

"கொண்டுபோனது பதிமூணு. கொண்டுவந்தது பதினேழு. வித்தியாசம் நாலு" என்றான் வாசல் குமாஸ்தா. அவளுடைய இரண்டாவது தவறு பதிவான நாள் அது.

"கூடத்தானே தம்பி வந்திருக்கு? குறையலையே?"

"வித்தியாசம்னா வித்தியாசம்தான் அண்ணி. கூடுதலா குறைவான்னு எழுத இதுல கட்டம் இல்லை."

அண்ணி என்றுதான் சொன்னான். அவன் அவளுடைய கணவனின் தம்பி. வேலையில்லாமல் இரண்டு வருஷம் வீட்டு மாடியில் ஃபோனைத் தடவிக்கொண்டு கிடந்தவனை, அதிகாரியிடம் நடையாய் நடந்து இந்த மேசையில் உட்கார வைத்ததே அவள்தான். காலை ஆறரைக்கு அவள் கையால் ரொட்டியும் முட்டையும் வாங்கித் தின்றுவிட்டு, ஏழு மணிக்கு அதே கையிலிருந்து பையைப் பிடுங்கிக் கவிழ்ப்பான். வேலை என்று வந்துவிட்டால் அவன் பெற்ற தாயையும் வரிசையில் நிற்க வைப்பான். அவனை நல்ல வேலைக்காரனாக இருக்கச் சொல்லி வாய் ஓயாமல் புத்தி சொன்னவளும் அவள்தான் என்பதால் யாரிடமும் போய் முறையிட முடியவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அவன் காரணத்தைச் சொன்னான். "குறைஞ்சா உங்க தப்பு அண்ணி. கூடினா உங்களோட என் தப்பும் சேருது. உள்ளே போகும்போது நான் சரியா எண்ணலைன்னு அர்த்தமாம். அதிகாரி கூப்பிட்டு வச்சுக் கேட்டார். எவ்வளவு பொருள் உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு உள்ளே போகுதுன்னு."

"காட்டுல கிடந்ததை எடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். காட்டுல எப்படிக் கிடக்கும்னு கேட்டார். ரிஜிஸ்டர் வந்த பிறகு காட்டுல எதுவும் கிடக்க வழியில்லையாம்."

அவளுடைய கணவன் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவன். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கிற ஆள். "புருஷன் சொன்னா கேக்க மாட்டே. ரிஜிஸ்டர் சொல்லுதில்லே, கேளு. கையைக் கட்டிக்கிட்டு நட" என்றான்.

கேட்டுத்தான் பார்த்தாள். உரிமம் போய்விட்டால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்தாலும் வேண்டாம். ஓடை மணலில் இருக்கும் காலடித் தடத்தைப் பார்த்து, போனது ஆணா பெண்ணா, நடந்ததா ஓடியதா என்று சொல்லும் அந்தச் சில நிமிஷங்களுக்காகவே வீட்டில் மற்ற இருபது மணி நேரத்தையும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே மூன்று நாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தாள். கைதியை இழுத்துப்போவது போலிருக்கிறது என்று ஒரு பயணி கருத்துப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அவள் கண் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஓடைக்கு முன்னால் ஒரு பச்சை மூடி, கறையான் புற்றுக்குப் பக்கத்தில் இரண்டு ஷாம்பூ உறை, பெரிய வேருக்கு அடியில் ஸ்ட்ரா. போகும்போது பார்த்ததை வரும்போதும் பார்த்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் சைபர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

சைபர் என்பது ஒரு மூத்த வழிகாட்டி. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் பக்கத்தில் சைபரைத் தவிர வேறு எண்ணே விழுந்ததில்லை. அதனால் வந்த பெயர். வாசலில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அவரோடு போகிறவர்கள் எல்லாம் அவருடைய 'மௌன நிமிடத்தை'த் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். நடைபாதையின் இரண்டாம் வளைவில் எல்லோரையும் நிறுத்துவார். "கண்ணை மூடுங்க. ரெண்டு நிமிஷம். காடு உங்ககிட்டே என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்பார். கண்ணைத் திறக்கும்போது சிலருக்குக் கண்ணீரே வந்திருக்கும். அவளும் மனசுக்குள் அவரைக் கொஞ்சம் கும்பிட்டிருக்கிறாள்.

"வா, காட்டறேன்" என்று அவர் இரண்டாம் வளைவுக்கு அழைத்துப் போனார். பாதையிலிருந்து பத்து எட்டில் ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. அதன் அடியில் கையை விட்டு ஒரு கோணிச் சாக்கை இழுத்தார். உள்ளே காலி பாட்டில்கள், உறைகள், மூடிகள், மாத்திரை அட்டைகள்.

"நம்ம குழுவுல யாராவது ஒண்ணைத் தொலைச்சிட்டு வந்தா இதுலேர்ந்து ஒண்ணை எடுத்துப் பையில போட்டுடுவேன். எண்ணிக்கை சரியாயிடும். எல்லாரும் அப்படித்தான். உனக்குத்தான் யாரும் சொல்லலை, நீ வாசல்காரனோட அண்ணியாச்சே."

"தொலைஞ்சதைத் தேடி எடுக்கலாமே?"

"எட்டுப் பேரை நிக்க வச்சிட்டுப் புதர்ல தேடிக்கிட்டிருந்தா மரியாதையா இருக்குமா?"

"அப்போ மௌன நிமிடம்..."

"அந்த ரெண்டு நிமிஷம் இல்லேன்னா இங்கே எப்படி வந்து போறது?" என்றார் சைபர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது போல.

"சாக்குல சரக்கு குறைஞ்சா?"

"வீட்டுலேர்ந்து கொண்டுவருவோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகச் சம்பளம் வாங்கும் எட்டுப் பேர், வாசல் திறக்கும் முன்பே சட்டைக்குள் குப்பையை ஒளித்துக் காட்டுக்குள் கடத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே கடத்தியவள் அவள் ஒருத்திதான். கறுப்புப் பட்டியலில் இருந்ததும் அவள் ஒருத்திதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நின்றவளுக்கு அப்போதே இன்னொன்றும் உறைத்தது. மூளை என்று ஒன்று இருந்தால் அது தப்பான நேரத்தில்தான் வேலை செய்யும். அவளிடம் கூடுதல், அவர்களிடம் குறைவு. அவள் பொறுக்குவதை இந்தச் சாக்கில் போட்டால், மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போவார்கள். வீட்டுக் குப்பை உள்ளே வர வேண்டியதில்லை. காட்டுக் குப்பை வெளியே போய்விடும். ரிஜிஸ்டரில் எல்லோருக்கும் சைபர்.

"இனிமே யாரும் வீட்டுலேர்ந்து கொண்டுவரக் கூடாது. சாக்கு என் பொறுப்பு" என்றாள்.

அடுத்த நான்கு வாரம் எல்லாம் வெண்ணெய் போல நடந்தது. அவளும் ஒரு மௌன நிமிடம் வைத்துக்கொண்டாள். பயணிகள் கண்ணை மூடி நிற்க, அவள் இடுப்புப் பையைச் சாக்கில் காலி செய்துவிட்டு வருவாள். பாதை பளிச்சென்று ஆனது. தினமும் மாலையில் கொழுந்தன் முகம் மலர்ந்து, "அண்ணி, இன்னிக்கும் சைபர்" என்பான். அதிகாரி அவனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தாராம். வீட்டில் ரொட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் வெண்ணெய் தடவினாள். தான் செய்வது பொய் என்று தெரியும். ஆனாலும் இத்தனை உபயோகமான பொய்யை அவள் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சங்கடம். சாக்கில் எப்போதும் சரக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் மற்ற வழிகாட்டிகளின் கண்ணில் சோம்பல் ஏறிவிட்டது. யார் எதைப் போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு ஒரு நாளைக்கு நாலு கிடந்த இடத்தில் இப்போது பதினாறு கிடந்தது. அவள் பதினாறையும், புதருக்குள் கிடந்த பழசையும் சேர்த்துப் பொறுக்கினாள். அவர்கள் எடுப்பதைவிட அவள் போடுவது அதிகமாகி, சாக்கு வீங்கி, பாறைக்கு வெளியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒருத்தி கூட்டிப் பெருக்குகிறாள் என்பது அவளுக்குப் புரியத்தான் செய்தது. பெயரை வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் 'கறையற்ற பாதை' சான்றிதழுக்காக மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு வருவதாகச் செய்தி வந்தது.

அதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய மனிதர்கள் வருவதால் இரண்டு வழிகாட்டிகள்: முன்னால் துடைப்பம், பின்னால் சைபர். ரிஜிஸ்டரில் குழுவை அவள் பெயரில்தான் எழுதினார்கள். தேர்வுக்குழுவில் அகலத் தொப்பி வைத்த ஒரு அம்மாள், கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் இன்னொருவர். அதிகாரியையும் சேர்த்து நால்வரின் பைகளையும் கொழுந்தன் தயவு தாட்சண்யம் இல்லாமல் கவிழ்த்தான். அதிகாரியின் பையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டை விழுந்தது.

"கொண்டுபோறது பதினொண்ணு" என்று எழுதினான்.

ஓடை வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. மணலில் ஒரு பெண் மானும் குட்டியும் தண்ணீர் குடித்துத் திரும்பிய தடத்தைக் காட்டினாள். தொப்பியம்மாள் மண்டியிட்டுப் பார்த்தார். அடுத்தது இரண்டாம் வளைவு. அவள் திரும்பி, "இங்கே ரெண்டு நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடி..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்கவில்லை.

பாறைக்கு அடியிலிருந்து ஓடை வரை சரிவு முழுக்கப் பளபளத்தது. பிஸ்கட் வாசனைக்கு வந்த பன்றிகள் சாக்கைக் குதறி இழுத்து, மண்ணைக் கிளறி, நான்கு வாரச் சேமிப்பையும் காடெல்லாம் விதைத்துவிட்டுப் போயிருந்தன. புதரில் உறைகள் பூத்திருந்தன. ஒரு பாட்டில் ஓடையில் மிதந்தது.

யாரும் கண்ணை மூடவில்லை. கேமராக்காரர் மட்டும் ஒரு கண்ணை மூடிப் படம் எடுத்தார்.

அதிகாரி முதலில் வெளுத்தார், பிறகு யோசித்தார், பிறகு தெளிந்தார். யோசித்துத் தெளியும் அதிகாரியைவிட ஆபத்தானது காட்டில் எதுவும் கிடையாது. "நாலு வாரமா இந்தப் பாதையிலே வித்தியாசம் சைபர். ரிஜிஸ்டர் இருக்கு, நீங்களே பார்க்கலாம். ஒரு பொருள்கூட உள்ளே தங்கலை. அதனால இது நம்ம பயணிகளோடது இல்லை. பன்னிங்க ஊர்க் குப்பைமேட்டுலேர்ந்து இழுத்துட்டு வந்திருக்கு. இதைப் பத்தித் தனியா ஓர் ஆய்வே பண்ணலாம்."

தலையாட்டுகிறவர் தலையாட்டினார். தொப்பியம்மாள் அவளைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க? பன்னி இவ்வளவு தூரம் கொண்டுவருமா?" என்று கேட்டார்.

அதிகாரி முறைத்தார். சைபர் பின்னாலிருந்து இருமினார்.

"பன்னி தின்னும்மா. சுமக்காது" என்றாள்.

சாக்கைப் பற்றிச் சொன்னால் எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும். அதிகாரி கையைத் தட்டி, "சரி, நடப்போம். இதை யாரும் தொட வேண்டாம். நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்றார். அவளும் நடந்தாள். உரிமம் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு ஏறிவிட்டது, மூன்றாவது ஏறினால் ஒரு வருஷம். பார்க்காமல் போய்விட வேண்டும் என்று பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

தரையில் பார்த்ததுதான் தப்பு. பாதை ஓரத்தில் காலையில் போட்ட பன்றிச் சாணம் கிடந்தது. சாணத்தைப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று கவனிப்பது அவள் தொழில். கிழங்கு நார், கொட்டை ஓடு, அவற்றுக்கு நடுவே சுருண்டு மடங்கிய நீல நிற உறை. மூலையில் பல்லால் கடித்துத் திறந்த அடையாளம். போன வாரம் கறையான் புற்றுக்குப் பக்கத்தில் அவளே குனிந்து எடுத்து, அவளே சாக்கில் போட்ட உறை. பாதையோரம் சிதறிக் கிடந்தபோது எந்தப் பன்றியும் அதைத் தின்னவில்லை. அவள்தான் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே இடத்தில் வாசனையாகப் படைத்திருக்கிறாள். அவளுக்குத் தன் மீதே அப்படி ஒரு கோபம் வந்தது.

நின்றாள். "சார், ஒரு அரை மணி நேரம் இந்த நிழல்ல உட்காருங்க. நான் அதை அள்ளிட்டு வந்துடறேன்."

"இரும்மா! நாம உள்ளே கொண்டுவந்தது பதினொண்ணு. நாளைக்கு ஆள் அனுப்பறேன்னு சொன்னேனே?"

"அந்த ஆள் வெளியே வரும்போது ரிஜிஸ்டர்ல எத்தனைன்னு எழுதுவீங்க சார்?"

அப்படி ஒரு ஆளுக்கு அந்த ரிஜிஸ்டரில் இடமே இல்லை என்பது அதிகாரிக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காட்டிலிருந்து குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வர அவருடைய திட்டத்தில் யாருக்கும் வழி கிடையாது.

அவள் திரும்பிப் போனாள். சரிவில் தவழ்ந்தாள், ஓடையில் முழங்கால் வரை இறங்கினாள், முள்ளில் கை கிழித்துக்கொண்டாள். சைபர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு அவரும் குனிந்தார். "உனக்குப் பைத்தியம். உனக்கு மூணாவது இது" என்று சொல்லிக்கொண்டே பொறுக்கினார். கிழிந்த சாக்கைக் கொடியால் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வாசல் கண்ணில் பட்டதும் சைபர் நின்று, தன் முனையையும் அவள் கையில் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதே. எனக்கு ஒரு பேரு இருக்கு."

மேசையில் சாக்கு கவிழ்ந்தபோது கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், பேனாவைத் திறந்தான். "சார், ஒரே உறை மூணா கிழிஞ்சிருந்தா ஒண்ணுன்னு எண்ணணுமா, மூணுன்னு எண்ணணுமா?"

"எண்ணித் தொலைப்பா" என்றார் அதிகாரி.

ஒரு மணி நேரம் எண்ணினான். மூன்று கிழிசலையும் பொருத்திப் பார்த்து, ஒன்று என்று எழுதினான். தொப்பியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தார். கொண்டுபோனது பதினொன்று. கொண்டுவந்தது இருநூற்று முப்பத்தேழு. வித்தியாசம் இருநூற்று இருபத்தாறு.

"மூணாவது" என்றான் கொழுந்தன். "அட்டையைக் கொடுங்க அண்ணி."

கழற்றிக் கொடுத்தாள். ஒன்பது வருஷம் கழுத்தில் கிடந்த அட்டை. வாசலில் அழக்கூடாது என்று வீடு வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்து, மோட்டார் பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். கணவன் வழக்கமான எண்ணெய்ச் சொட்டைக்கூட விடாமல், கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. சொந்த அண்ணி என்றும் பாராமல் ஒரு மணி நேரம் எண்ணித் தண்டித்த வாசலின் நேர்மையைத் தேர்வுக்குழு தனிப் பத்தியில் புகழ்ந்திருந்தது. வாசலில் புதுப் படம் மாட்டினார்கள்: நடுவில் அதிகாரி, ஒரு பக்கம் ரிஜிஸ்டரோடு கொழுந்தன், மறுபக்கம் சைபர். சாக்கு இல்லாததால் வழிகாட்டிகள் பழையபடி வீட்டிலிருந்து கொண்டுவரத் தொடங்கினார்கள் என்று கணவன் எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னான்.

அவள் வீட்டில் இருந்தாள். கொழுந்தன் தினமும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். தலையை நிமிர்த்துவதில்லை. சான்றிதழ் வந்து நாலாம் நாள் காலை, ரொட்டியை வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். பயணியா வர்றவங்க உள்ளே கிடக்கிறதை எடுத்துட்டு வந்தா அவங்களுக்கு என்ன தண்டனை?"

"பயணிக்குத் தண்டனை எல்லாம் கிடையாது அண்ணி. அந்த வித்தியாசம் அந்தக் குழுவோட வழிகாட்டி கணக்குலதான் ஏறும்."

"பயணியை வேண்டாம்னு திருப்பி அனுப்ப முடியுமா?"

"டிக்கெட்டும் காலுக்கு நல்ல செருப்பும் இருந்தா யாரையும் அனுப்பக் கூடாது. விதி ஒன்ப..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தான். அவள் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். கணவன் கதவருகே நின்று, வெகு நாளைக்குப் பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஏழு மணிக்கு வரிசையில் எட்டாவது ஆளாக நின்றாள். அன்றைய வழிகாட்டி சைபர். சொந்தப் படத்துக்குக் கீழே நின்று பயணிகளைப் புன்னகையோடு வரவேற்றுக்கொண்டிருந்தவர், எட்டாவது முகத்தைப் பார்த்ததும் புன்னகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அவள் பையைத் தானே மேசையில் கவிழ்த்தாள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று, மடித்த கோணிச் சாக்கு ஒன்று.

கொழுந்தன் சாக்கைப் பிரித்துப் பார்த்தான், உதறினான், வெளிச்சத்தில் பிடித்தான். "சணல். பிளாஸ்டிக் எதுவுமில்லை" என்று எழுதினான்.

சைபர் அவளை ஒரு ஓரமாக இழுத்துப் போனார். "என்னம்மா இது? மூணு மாசமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காப்பாத்தின பேரு. உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலைண்ணே. அன்னிக்குப் பாதி தூரம் சாக்கைத் தூக்கினீங்க. மறக்கலை."

"அப்போ எத்தனை நாளைக்கு இப்படி வரப்போறே?"

"எட்டுப் பேரு இருக்கீங்க. கூடுதலுக்கு அதிகாரி ஒரு கட்டம் போடாத வரைக்கும் ஆளுக்கு மூணு" என்றாள் அவள். "இருபத்தினாலு நாளைக்கு."

கொழுந்தன் புதுப் பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது கட்டத்தை மட்டும் அளவுகோல் வைத்துக் கொஞ்சம் அகலமாகக் கோடு போட்டான். பிறகு கதவைத் திறந்துவிட்டு, "போயிட்டு வாங்க அண்ணி. எண்ணறதுக்கு நான் இருக்கேன்" என்றான்.